தொய்வு மருந்தும் குரல் வளமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது எதனைப் பற்றி எழுதுவதென நாம் நெடிது எண்ண வேண்டியிருக்கவில்லை. கல்லூரியிற் பயின்ற நாளிலே பிரார்த்தனை மண்டபத்தில் தேவாரம் ஓதியும், விவாத மேடையில் முழங்கியும், நாடகத்தில் அரச வேடம் பூண்டும் குரலால் எம்மைக் கவர்ந்த நண்பர் சிலரை அண்மைக் காலத்தில் மீண்டுஞ் சந்தித்தோம். அவருட் சிலர் ஆசிரியர்; சிலர் சட்டத்தரணிகள்; ஒருவர் கோயிற் புராண படனத்திற் பெயர் பெற்றவர். தொய்வு நோயுடைய இவர்கள் யாவரும் ஒருவரைப்போல் ஒருவர் கூறிய முறைப்பாடு ஒன்றே: "மூச்சு இப்பொழுது நல்லாயிருக்கு, ஆனால் குரல் போய்விட்டது." நாடோறும் உள்ளிழுக்கும் மருந்துதான் இதற்குக் காரணமா, காரணமாயின் அதனை விட்டுவிடலாமா என்பது அவர்தம் வினா. மருத்துவத் தொழிலில் ஈடுபட்டவரென்ற முறையில் அவ்வினாவுக்கு எம்மால் இயன்ற விடையை ஈண்டு எழுதுகின்றோம்.

புராண படன நண்பரின் வரலாற்றையே முதலிற் கூறுவோம். அவருடைய இசைவு பெற்றே கூறுகின்றோம். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இளமை தொட்டே தொய்வுடையவர். மார்கழிப் பனியிலும் மாரி தொடங்குங் காலத்திலும் பாயிற் படுக்க மாட்டாது, சாய்மனைக் கதிரையில் இருந்தவாறே விடியுமட்டும் மூச்சுக்குப் போராடிய இரவுகள் பல. வைத்தியசாலையிலே நாளுக்கு இருமுறை உள்ளிழுக்கும் தூள் மருந்து கொடுக்கப்பட்ட பின்னர் அப்போராட்டம் ஒழிந்தது. இரண்டு ஆண்டுகள் இனிதே கழிந்தன. அதன் பின்னர் குரல் மாறலாயிற்று. காலையில் நன்றாயிருக்கும், ஒரு மணி நேரம் பேசினாற் கம்மும். தாழ்ந்த சுருதியிற் பழுதில்லை. மேலே எடுத்தாற் குரல் நில்லாது உடையும். தொண்டையில் நோவில்லை, காய்ச்சலில்லை, தடிமனுமில்லை.

கந்தபுராண படனம் தொடங்க ஒரு மாதம் இருந்தது. சூரபன்மன் வதைப் படலத்தை ஆண்டுதோறும் அவரே படிப்பது வழக்கம். "இம்முறை இந்தக் குரலோடு ஏட்டின் முன் எப்படி இருப்பது?" என்று எண்ணியவர், எவரையுங் கேளாது தூள் மருந்தை நிறுத்தினார். நீல நிறப் பம்ப் கையில் இருக்கின்றதே, முட்டினால் அதனை அடித்துக்கொள்ளலாம் என்பது அவர் துணிவு. பத்து நாளிற் குரல் தெளிந்தது, மகிழ்ந்தார். இரண்டாவது வாரத்தில் நீலப் பம்பை நாளொன்றுக்கு நான்கைந்து முறை எடுத்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணியளவில், ஒரு சொல்லைத் தானும் முழுதாகக் கூற மாட்டாத நிலையில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். ஒட்சிசனும் நெபுலைசரும் ஸ்டீரொயிட்டு மருந்துங் கொடுத்து அவரைக் காப்பாற்றினர். படனத்தை அவ்வாண்டு வேறொருவர் படித்தார்.

குரலுக்காக மருந்தை விட்டவர் இவர் ஒருவரல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் பேர் இந்நோயை உடையராயிருந்தனர். அவ்வாண்டில் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். தடுப்பு மருந்து கிடையாமையாலும், கிடைத்தும் ஒழுங்காக எடாமையாலும் நேர்வன அவற்றிற் பல. ஆதலின் குரல் கம்முதல் சிறு தொல்லையே எனினும், அதனால் விளையும் முடிவு சிறிதன்று.

நிற்க. குரல் எங்ஙனம் பிறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தொல்காப்பியனார் பிறப்பியலிலே, உந்தியிலிருந்து எழுங் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல் இதழ் நா மூக்கு அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகும் என வகுத்தார். இக்கால உடற்கூற்றறிஞர் கூறுவதும் பெரும்பாலும் இதுவே. சுவாசப்பையிலிருந்து வருங் காற்று உந்துவிசை; மிடற்றிலுள்ள குரல்வளை ஒலியெழுப்புங் கருவி; அதற்கு மேலுள்ள உறுப்புக்கள் அவ்வொலியை எழுத்தாகச் செதுக்குவன. தொய்வு நோயாளிக்கு உந்துவிசையிற் குறை உண்டு. மருந்து எடுப்பவருக்குக் கருவியிலுங் குறை நேரலாம்.

குரல்நாண் என்று வழங்கும் உறுப்பு வீணையின் தந்தி போல இரு முனையிலும் இழுத்துக் கட்டிய கயிறன்று; குரல்வளையின் இருமருங்கிலிருந்தும் நடுநோக்கி நீண்டிருக்கும் இரு மடிப்புக்களே அவை. ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் தசை உண்டு. அதன்மேல் உறுதியான நார். அதற்கும் மேல் பாகு போல் நெகிழ்ந்த இழையம். எல்லாவற்றையும் மூடி ஈரமுடைய மெல்லிய சவ்வு. மூச்சை இழுக்கும்போது இரு மடிப்புக்களும் விலகி வழிவிடும். பேசும்போது நெருங்கி நிற்க, கீழிருந்து வருங் காற்று அவற்றைத் திறந்து மூடச் செய்யும். ஆடவர் பேச்சில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 முறையும், பெண்டிர் பேச்சில் 200 முறையளவும் இத்திறப்பும் மூடலும் நிகழும். பாடுவோர் மேற்சுருதிக்குச் செல்லச் செல்ல எண்ணிக்கை பன்மடங்காகும். இவ்வளவு விரைவிலே, நூல் பிசகாது இரண்டும் ஒன்றை ஒன்று முட்ட வேண்டும். மேற்சவ்விற் சிறிது தடிப்போ, வறட்சியோ, அடித்தசையிற் சிறிது தளர்வோ ஏற்படினும் காற்று இடையிற் கசியும். அக்கசிவே நாம் கேட்குங் கரகரப்பு.

உயிருள்ள மனிதரின் குரல்நாண்களை இயங்குங்காற் கண்டு முறையாக ஆராய்ந்து எழுதியவர் மருத்துவரல்லர் என்பது சுவையான செய்தி. மனுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் 1854ஆம் ஆண்டிலே பல்வைத்தியரின் சிறு கண்ணாடி போன்ற ஒன்றைத் தம் தொண்டையுட் செலுத்தி, மற்றொரு கண்ணாடியாற் கதிரொளியை அதன்மேல் வீழ்த்தித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் இராயல் சங்கத்திற்கு அதனை அறிவித்தார். தொண்டை மருத்துவம் தனித்துறையாய் வளர்ந்தது அதன் பின்னரே. நூற்றொரு வயது வரை வாழ்ந்த அப்பெரியார் சுருதி தேடப்போய் மருத்துவருக்கு வழிகாட்டினார்.

இனி மருந்துக்கு வருவோம். தொய்வு நோயில் மூச்சுக் கிளைக்குழாய்களின் உட்சுவர் அழற்சியாற் சிவந்து வீங்கியிருக்கும். சுற்றியுள்ள தசை இறுகும். சளி வழியை அடைக்கும். இவற்றுள் அழற்சியே வேர். தசையிறுக்கத்தை உடனே தளர்த்துவன ஒருவகை மருந்து. வேராகிய அழற்சியை நாளடைவில் அடக்குவன மற்றொரு வகை. முன்னையதை ஆறுதல் தருவது என்றும் பின்னையதைத் தடுப்பு மருந்து என்றும் கொள்க.

தசையைத் தளர்த்தும் மருந்துகளுட் பழையது எம் வேலியோரத்து ஊமத்தையே. சென்னையிலே கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன் என்பார், ஊமத்தைப் புகையை இழுத்துத் தொய்வைத் தணிக்கும் இந்நாட்டு வழக்கத்தைக் கண்டறிந்து, 1802ஆம் ஆண்டளவில் அதனை ஆங்கிலேயருக்கு அறிமுகஞ் செய்தார். அதிலிருந்து தோன்றிய 'தொய்வுச் சுருட்டுக்கள்' மேலைநாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விற்பனையாயின. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் இனத்துச் சத்து மூச்சுக்குழாயை விரிப்பதோடு வாயையும் தொண்டையையும் வறளச் செய்யும். புகையோ குரல்நாணைச் சுடும். மூச்சுக்கு நன்மையும் குரலுக்குத் தீங்கும் ஒருங்கே பிறந்தமை அன்று தொட்டே உண்டு. அச்சத்தின் வழிவந்த இப்பிரத்துரோப்பியம், தயோத்துரோப்பியம் என்னும் இக்கால மருந்துகள் ஊமத்தையின் நஞ்சை நீக்கியன. வாய் வறட்சியை முற்றாக நீக்கவில்லை.

சல்பியூற்றமோல் என்னும் நீலப் பம்பு மருந்து 1969இல் வந்தது. அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட்டு இனத்து மருந்தின் கதை வேறு. 1948ஆம் ஆண்டிலே மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதற் கொடுக்கப்பட்ட கோட்டிசோன் 1950இல் மூவருக்கு நோபெல் பரிசைத் தேடித் தந்தது. தொய்வுக்கும் அது பெரிதும் உதவிற்று. ஆனால் மாத்திரையாக நெடுநாள் உண்டோர் முகம் பருத்து, எலும்பு மெலிந்து, சர்க்கரை வியாதியும் உற்றனர். நோயுள்ள இடத்துக்கு மட்டும் மருந்தைச் செலுத்த முடியாதா என்ற தேட்டத்தின் பயனாக 1972ஆம் ஆண்டிலே பெக்லோமெத்தசோன் உள்ளிழுக்கும் மருந்தாக வந்தது. அதன்பின் புடெசொனைட்டு, புளூட்டிக்கசோன் முதலியன வந்தன. மாத்திரையோடு ஒப்பிடின் இவற்றின் அளவு மிகச் சிறிது. ஆயிரத்திலொரு பங்கு மில்லிகிராமிற் கணக்கிடுவது. இம்மருந்துகளாற் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணும்போது, குரலைப்பற்றி முறையிடுதல் நன்றிகேடோ என்றுந் தோன்றும். நன்றிகேடன்று. மருந்தின் குறையை அறிந்தவனே அதனை விடாது எடுப்பான்.

குறை எங்கே பிறக்கின்றது? மருந்து சேரவேண்டிய இடம் சுவாசப்பை. புகும் வாயிலோ வாய். அமுக்கு பம்பை நேரே வாயில் வைத்து அடித்தால், வெளிப்படும் மருந்திற் பத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்கே சுவாசப்பையை அடையும். எஞ்சிய பெரும்பங்கு நாவிலும் அண்ணத்திலும் தொண்டையின் பின்சுவரிலும் படியும். காற்று வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குத் திரும்புமிடத்தில் வளைவு ஒன்றுண்டு. கனத்த துளிகள் அவ்வளைவிலே திரும்ப மாட்டாது முட்டி நிற்கும். வண்டி விரைவாக வந்தால் முடக்கிலே சாலையை விட்டு விலகுவது போல. வளைவைத் தாண்டிய மருந்தும் குரல்நாண்களிடை உள்ள ஒடுங்கிய வழியாலேயே போக வேண்டும். ஆதலின் குரலுக்கு இடமான உறுப்பு நாளிருமுறை, ஆண்டுக்கணக்காக, மருந்தில் நனைகின்றது.

இங்ஙனம் நனைந்த குரல்நாணுக்கு நேர்வது யாது? 1983ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மருத்துவர் குழு ஒன்று தோராக்ஸ் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெயர் பெற்றது. உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்டாற் குரல் கம்மியவருடைய குரல்வளையை அவர்கள் நோக்கியபோது, பேச முயலுங்கால் குரல்நாண்கள் நடுவில் நேராகச் சேராது, வில்லைப் போல வளைந்து இடைவெளி விட்டு நிற்றலைக் கண்டனர். அங்குள்ள சிறு தசைகளை மருந்து தளர்த்தியதே காரணம் என்பது அவர்தம் கருத்து; மருந்தை நிறுத்தியபின் அக்குறை நீங்கியமையையும் குறித்தனர். பின்வந்தோர் விட்டு விட்டு ஒளிரும் விளக்கொளியில் நாண்களின் அசைவை ஆராய்ந்து, தசையைவிட மேற்சவ்விலேயே மாற்றம் மிகுதி என்றனர்: சவ்வு சிவந்தும் ஆங்காங்கே தடித்தும் இருக்கும்; அதன்மீது அலைபோல் ஓட வேண்டிய அசைவு குன்றும். எமது எண்ணத்தில் இரண்டுமே உண்மையாயிருக்கலாம். எல்லா நோயாளிக்கும் ஒரே காரணம் இருத்தல் வேண்டுமென்பதில்லை.

மூன்றாவது காரணம் ஒன்றும் உளது. கண்டிடா என்னும் பங்கசு எல்லார் வாயிலும் சிறிதளவு குடியிருப்பது. ஸ்டீரொயிட்டு அவ்விடத்து உடற்காவலைத் தளர்த்த, அது பெருகித் தயிர்த் துணுக்குப் போல் நாவிலும் அண்ணத்திலும் வெண்படையாய்ப் படரும். சிலரிடத்து அது குரல்வளை வரை இறங்கும். வாயில் வெண்படை காணப்படாமலே குரல்நாணில் மட்டும் இருத்தலும் உண்டு என்பதைக் கவனிக்க. கண்ணாடியிலே நாவைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என அமைதல் போதாது. இது பங்கசுக் கொல்லி மருந்தால் மாறும். தூள் மருந்தில் மருந்தோடு கலந்துள்ள லக்ரோசு என்னும் பாற்சர்க்கரைப் பொடியும், அமுக்கு பம்பின் குளிர்ந்த வாயுவும் சிலர் தொண்டையை உறுத்தி இருமலை உண்டாக்கும். இருமல் ஒவ்வொன்றும் குரல்நாணுக்கு ஓர் அடி.

குரல் கம்முவோர் தொகை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றது. இம்மருந்து எடுப்போருள் நூற்றுக்கு 5 பேர் எனச் சொல்வனவும் உண்டு, 50க்கு மேல் எனச் சொல்வனவும் உண்டு. ஒருவரைக் கேட்காவிட்டால் அவர் சொல்லார். பாடகரைக் கேட்டால் உடனே சொல்வார். வேறுபாட்டின் ஒரு பங்கு இதிலிருந்து பிறப்பது. வயலில் உழைப்பவருக்குத் தெரியாத குறை, நாற்பது பிள்ளைகள் முன் ஐந்து பாடவேளை நின்று, வெண்கட்டித் தூளையும் சுவாசிக்கும் ஆசிரியருக்கு இரண்டாம் பாடத்திலேயே தெரியும். மருந்தின் அளவு கூடக் கூடத் தொல்லையுங் கூடும் என்பதில் ஐயமில்லை.

ஏனைய மருந்துகளைச் சுருங்கக் கூறுவோம். சல்பியூற்றமோல் அளவு மிஞ்சினாற் கை நடுங்கும். குரலிலும் நுண்ணிய நடுக்கந் தோன்றலாம், மருந்தின் வேகந் தணிய அதுவுந் தணியும். தியோபிலின் மாத்திரை உணவுக்குழாயின் அடிவாயிலைத் தளர்த்தி, இரைப்பைப் புளிப்பை மேலெழச் செய்யும். இரவில் அது குரல்வளையின் பின்புறத்தை எரித்துக் காலையிற் கரகரப்பைத் தரும். தியோபிலினை 1888ஆம் ஆண்டிலே கொசெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் முதன்முதற் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து என்பது எம் நாட்டவர்க்கு உவகை தருஞ் செய்தி. எனினும் கோப்பைத் தேநீரிலுள்ள அளவு மருந்தாகாது. மொன்ரலுகாஸ்ற் மாத்திரை குரலைத் தொடாது; ஆனால் ஸ்டீரொயிட்டுக்கு ஈடாகாது. சிலர் மனநிலையை அது குலைப்பது பற்றி அமெரிக்க மருந்தாட்சி 2020இலே கடும் எச்சரிக்கை விடுத்தமையையும் மறத்தலாகாது. கிராமத்தவர் நம்பும் ஆடாதோடை பாடாதவரையும் பாடவைக்கும் என்பது பழைய வழக்கு. அதன் சத்தை அடியொற்றி ஆக்கப்பட்ட புறொம்எக்சின் 1960களிலிருந்து சளியிளக்கியாக வழங்குகின்றது. சளி இளகினாற் குரல் தெளிதல் இயல்பே; அழற்சி அதனால் அடங்காது.

எல்லாக் கம்மலையும் மருந்தின் தலையிற் சுமத்துதலும் தவறு. தொய்வு அடங்காதிருப்பின் மூச்சு நெடிது நில்லாது, வசனம் நடுவில் அறும். மூக்கடைப்பும் பின்வழியே இறங்குஞ் சளியும் ஓயாது காறச் செய்யும். வேறு சிலரிடத்துக் குரல்நாண்கள் மூச்சை இழுக்கும்போது விலகுவதற்கு மாறாக நெருங்கி அடைக்கும்; கேட்பவர்க்கு அது தொய்வு போலவே தோன்றும். ஆயின் ஒலி பெரும்பாலும் மூச்சை உள்ளிழுக்கும்போதே எழும், கழுத்திலேயே கேட்கும். தொய்வின் சீத்தொலி பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் எழுவது. இவ்வேறுபாடு தெரியாது மருந்தை மேன்மேலுங் கூட்டி, இல்லாத தொய்வுக்குச் சிகிச்சை பெற்றோர் உளர். அவர்க்கு வேண்டுவது மூச்சுப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியுமே. மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் மாறாத கம்மலை, விசேடமாக நாற்பத்தைந்து வயது கடந்தவரும் புகைப்பவரும் வெற்றிலை புகையிலை உண்பவரும், காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடங் காட்டியே தீர வேண்டும். குரல்வளைப் புற்றும் இதே குறியோடுதான் தொடங்கும்.

இனி, செய்யத்தக்கது யாது? மருந்தெடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புக என எல்லாரும் சொல்வர். நல்ல ஆலோசனையே. வாயிற் படிந்த மருந்து வயிற்றுக்குள் இறங்காது, வெண்படையுங் குறையும். ஆனால் கொப்பளிக்கும் நீர் தொண்டையின் பின்சுவர் மட்டுமே செல்லும். குரல்நாணை எட்டாது, எட்டவும் கூடாது, எட்டினாற் புரைக்கேறும். எனவே "நான் தவறாது கொப்பளிக்கின்றேன், ஆயினுங் குரல் கம்முகின்றதே" என வருந்துவோர் தம் கவனக்குறைவே காரணமென எண்ண வேண்டா. காலையும் இரவும் உணவுக்கும் பல் துலக்குவதற்கும் முன்னர் மருந்தெடுத்தால் உண்பதும் குடிப்பதுமே தொண்டையைக் கழுவிவிடும்.

குரல்வளைக்கு உண்மையிற் பயன்படுவது மருந்து அங்கே படியாதபடி செய்தலே. அதற்குரிய கருவி ஸ்பேசர் என்னும் இடைக்கலம். பம்பை அதன் ஒரு முனையிற் பொருத்தி அடிக்க, கனத்த துளிகள் கலத்தின் சுவரிலே படிந்துவிடும். நுண்துளிகள் மிதந்து நிற்க, மற்ற முனையில் வாய் வைத்து மெல்ல இழுக்கலாம். தொண்டையிற் படியும் பங்கு பெரிதுங் குறைய, சுவாசப்பைக்குரிய பங்கு குறையாது. ஒரு முறைக்கு ஓர் அடியே அடிக்க வேண்டும். நான்கைந்து செக்கன் மெதுவாக இழுத்து, பத்துச் செக்கன் மூச்சை அடக்கி விடுக. கலத்தைச் சவர்க்கார நீரிற் கழுவித் துடையாது தானே உலர விடுதல் வேண்டும். துணியாற் துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். விலை கூடியதென அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: 1999ஆம் ஆண்டு தென்னாபிரிக்க மருத்துவர், கடுந்தொய்வுற்ற சிறுவர்க்கு 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக்குப் போத்தலைத் துளைத்துப் பம்பைப் பொருத்திக் கொடுத்து, கடைக் கலத்துக்கு அது ஈடாதலைக் காட்டினர். அது ஆறுதல் மருந்தைக் கொண்டு செய்த சோதனை. ஆயினும் கலத்தின் தத்துவம் ஒன்றே.

தூள் மருந்துக்கு இடைக்கலம் பொருந்தாது. தூளை இழுப்பதற்கு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அவ்வேகத்தில் தொண்டையிலே மோதும் பங்கும் அதிகம். ஆதலின் தூளாற் குரல் கெட்டவருக்கு அமுக்கு பம்பும் இடைக்கலமுமாக மாற்றிக் கொடுத்தாற் பலமுறை பயன் கிடைக்கின்றது. சிக்கிளெசொனைட்டு என்னும் மருந்து தொண்டையிற் செயலற்றிருந்து சுவாசப்பையை அடைந்தபின்னரே செயலுருப் பெறுவது. அதனை எடுப்போரிடத்து இத்தொல்லை குறைவு. தொய்வு பல மாதம் அடங்கியிருப்பின் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைக்கவும் மருத்துவரால் முடியும். இவ்வழிகளெல்லாம் மருத்துவரிடம் வாய் திறந்து சொன்னாலன்றித் திறவா. சனநெரிசலுள்ள சிகிச்சை நிலையத்தில் "மூச்சு எப்படி?" என்று கேட்பவரிடம் "நல்லம்" என்று மட்டுஞ் சொல்லி வருவது எம்மவர் வழக்கம்.

நீலப் பம்பு ஒன்றையே நம்பியிருத்தல் பற்றி ஒரு சொல். உலகத் தொய்வு வழிகாட்டிக் குழுவினர் 2019 முதல், வளர்ந்தோரும் இளைஞரும் ஸ்டீரொயிட்டுச் சேராத ஆறுதல் மருந்தை மட்டுங் கொண்டு நோயை நடத்துதல் தகாது என்றே கூறிவருகின்றனர். ஓராண்டில் மூன்று நீலப் பம்புகளோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் முட்டு வருதற்கு இடமுண்டென அறிக.

குரலைத் தொழிலாக உடையோர் மருந்தைப் பாடுதற்குச் சற்று முன் எடாது, முடித்தபின் எடுக்குமாறு வேளையை ஒழுங்கு செய்துகொள்ளலாம். நீர் நிறையக் குடித்தலும், காறுதலைத் தவிர்த்தலும், வகுப்பிலே கத்தாது கைதட்டி அமைதிப்படுத்தலும் பயன் தரும். குரல் கம்மியபோது கிசுகிசுத்தல் ஓய்வாகாது. அது நாண்களை மேலும் வருத்தும். தாழ்ந்த இயல்பான குரலிற் பேசுக, அன்றேல் பேசாதிருக்க.

எம் தமிழாசிரிய நண்பர் வைத்தியசாலையிலிருந்து வந்தபின் குரல்வளையைப் பார்த்தபோது வெண்படை சிறிது இருந்தது. பதினான்கு நாள் மருந்தில் அது நீங்கிற்று. தூளுக்குப் பதிலாகப் பம்பும் இடைக்கலமும் கொடுக்கப்பட்டன. இரண்டு வருடமாகத் தூளை எடுத்தவருக்குக் கொப்பளிக்க வேண்டுமென எவருஞ் சொல்லியிருக்கவில்லை என்பதையும் அப்பொழுதே அறிந்தோம். ஏறக்குறைய இரண்டு மாதத்திற் குரலின் பெரும்பங்கு மீண்டது. மேற்சுருதி மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. எழுபதைக் கடந்தவருக்கு அது மருந்தின் குற்றமோ வயதின் குற்றமோ என்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்.

அடுத்த ஆண்டுப் படனத்திற் சூரபன்மன் வதைப் படலத்தைச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டு அவரே படித்தார். பயன் சொல்பவர் உரைவிரிக்கும் இடைவேளைகளிற் செம்பிலிருந்த இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக அருந்தினார். சால்வை முடிப்பில் நீலப் பம்பு இருந்தது. அன்று அதனை எடுக்க வேண்டி வரவில்லை. வீட்டுக்குச் சென்றதும் இடைக்கலத்திலே இரவு மருந்தை எடுத்துக் கொப்பளித்த பின்னரே உண்ண உட்கார்ந்தார் என்று அவர் மனைவியார் கூறினார்.